விமானத்தில் விழுந்தவள் என் பஸ்ஸில் நின்றாள்

போன வருடம் ஆவணி மாதம் தொடங்கி, ஐப்பசி முதல் மழையோடு முடிந்துபோன விஷயம் இது. முல்லைத்தீவில் இருந்து நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் நடத்துநர். பதினான்கு வருடமாக அதே பாதை, அதே காலை ஓட்டம். எந்த மதகுக்குப் பிறகு பள்ளம் வரும், எந்த வளைவில் மாடு படுத்திருக்கும், எந்த ஆசிரியை எந்த மரத்தடியில் நிற்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

என்னைப் பற்றி இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, எனக்கு வாய் நீளம். எதையாவது அரைகுறையாகக் கேள்விப்பட்டால் முழுவதையும் அறியாமல் சோறு இறங்காது. பஸ்ஸில் ஏறுகிற ஆள் இறங்குவதற்குள் அவருடைய சாதகத்தையே நான் கேட்டு வாங்கிவிடுவேன் என்று எங்கள் சாரதி அண்ணை சொல்லுவார்.

மற்றது, நான் பஸ்ஸில் எதையும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இடது கை விரல்களுக்கு நடுவே மடித்துச் செருகிய காசுத் தாள்கள், வலது கையில் டிக்கெட் புத்தகம், தோளுக்குக் குறுக்கே தோல் பை. இடுப்பை ஓர் ஆசனத்தின் ஓரத்தில் சாய்த்தால் எனக்குப் போதும். கதவடியில் நடத்துநருக்கென்று ஒரு சின்ன ஆசனம் இருக்கிறது. அதில் நான் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். கைக்குழந்தைக்காரியோ முதியவரோ ஏறினால் அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, திறந்த கதவுக்குப் பக்கத்தில் மிதிபலகைக்கு மேல் நிற்பேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நெடுங்கேணிக்குக் கிட்ட ஒரு தாயும் மகளும் ஏறினார்கள். மகளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். இரண்டு ஊன்றுகோல், வலது கணுக்காலில் கனத்த சப்பாத்துப் போல ஒரு கட்டு. நான் என் சின்ன ஆசனத்தை அவளுக்குக் கொடுத்தேன். தாய் பக்கத்தில் இருந்தார். வவுனியா ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம், இனி செவ்வாயும் வெள்ளியும் வருவார்களாம்.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஊரில் ஏற்கெனவே கதை அடிபட்டது. மலைநாட்டில் இருந்து முந்திய காலத்தில் வந்து வன்னியில் காடு வெட்டி வயல் செய்த குடும்பம். மகள் வெளிநாட்டு விமானக் கம்பனி ஒன்றில் பணிப்பெண். அவள் முறிந்த காலோடு வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு கதை கிளம்பியது. பிளேன் விழுந்துவிட்டது என்றார் ஒருவர். வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எனக்குக் கேட்காமல் இருக்க முடியுமா?

"தங்கச்சி, பிளேனில இருந்து குதிச்சனீங்களோ?" என்றேன்.

பஸ் சிரித்தது. அவள் கோபிக்கவில்லை.

"குதிக்கேல்லை அண்ணை. தேத்தண்ணி குடுத்துக்கொண்டு நிண்டனான்."

பஸ் இன்னும் பலமாகச் சிரித்தது. நானும் விடவில்லை. தேத்தண்ணி கொடுத்துக் கால் முறிந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். தாய் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வவுனியாவில் இறங்கும்போது மகளை முன்னுக்கு விட்டுவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, அவளுக்கு இது சிரிப்பில்லை. நித்திரையில கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு குளறி எழும்புறவள். காலை விட அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. இனி அவளை நான் பிளேனில விடமாட்டன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்று திரும்பி வருகிற ஓட்டம் முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. சாரதி அண்ணை எனக்குக் காய்ச்சலோ என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் ஏறியதும் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "உண்மையா அறிய ஆசையெண்டால் கேளுங்கோ, சொல்லுறன்" என்றாள். ஆட்டுக்குக் குழை காட்டியது போலாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும், டிக்கெட் வேலை முடிந்த கையோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவேன்.

நான் நினைத்திருந்தது, கறுத்த முகிலுக்குள் இடி மின்னலோடு பிளேன் ஆடியிருக்கும் என்று. அப்படி எதுவும் இல்லையாம். நடுப்பகல், வெளித்த வானம், யன்னலால் பார்த்தால் கீழே கடல் தெரிகிறது. சாப்பாடு கொடுத்து முடித்து அவளும் இன்னும் இரண்டு பேரும் பின்பக்கத்தில் தேநீர், கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பெல்ட் போடச் சொல்லும் வெளிச்சம்கூட எரியவில்லை.

"அப்ப நீங்கள் தடக்கி விழுந்திட்டியளோ?"

"நான் விழேல்லை அண்ணை. காலுக்குக் கீழ இருந்த தளம்தான் விழுந்தது. நான் அந்தரத்தில நிண்டனான். தலை மேல் தட்டில முட்டிச்சு. பிறகு தளம் திரும்பி மேல வந்து என்ர காலில அடிச்சது."

அவள் உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்து, சடாரென்று கீழே இறக்கி, அதே வேகத்தில் மேலே தூக்கிக் காட்டினாள். எண்ணி ஒன்று, இரண்டு என்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். சாப்பாட்டு வண்டி இடுப்பளவு உயரத்துக்குக் கிளம்பி விழுந்ததாம். கோப்பிக் கேத்தலை நிலத்தில் வைக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததாம். அவள் அதைத்தான் செய்யக் குனிந்தாள். அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"பயணியளுக்கு என்ன நடந்தது?"

"பெல்ட் போட்டிருந்த ஆக்களுக்கு ஒண்டும் இல்லை. சிலருக்கு உடுப்பெல்லாம் சோறு. நாங்கள் மூண்டு பேரும்தான் நிண்டனாங்கள். மூண்டு பேருக்கும் காயம்."

நின்றவர்களுக்குத்தான் காயம் என்ற சொல் என் காதில் விழுந்தது. ஆனால் அதை என்னோடு பொருத்திப் பார்க்கவில்லை. என் மண்டைக்குள் வேறு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய பிளேன், ராடார், கம்பியூட்டர் எல்லாம் இருக்கிறது. முன்னால் இருக்கிற பள்ளம் விமானிக்குத் தெரியாமல் போகுமா?

கேட்டதற்கு அவள் விளக்கினாள். மழை முகில் என்றால் ராடாரில் தெரியுமாம். ஈரம் இல்லாத வெறும் காற்று, ஒன்று ஒரு வேகத்தில், பக்கத்தில் இன்னொன்று வேறு வேகத்தில் ஓடினால் அந்த இடத்தில் பிளேன் விழுந்து எழும்புமாம். அது கண்ணுக்கும் தெரியாது, ராடாருக்கும் தெரியாது. முன்னால் போன பிளேன்காரர் வானொலியில் சொன்னால் உண்டு.

"எங்களுக்கு முன்னால அந்தப் பக்கம் ஒருத்தரும் போகேல்லை அண்ணை" என்றாள்.

இது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. எதிரே வருகிற பஸ்காரர் கை காட்டினால் முன்னுக்குப் பொலிஸ் நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். வீதியில் யாரும் வராவிட்டால் போய் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதைச் சொன்னதும் அவள் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். சாரதி அண்ணையும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரே சந்தோஷம்.

புரட்டாசியில் ஊன்றுகோல் போனது. பிறகு கால்கட்டும் போனது. அவள் தனியாக வரத் தொடங்கினாள். அப்படி வந்த முதல் நாள், நான் வழக்கம் போல ஆசனத்தைத் துடைத்து விட்டேன். அவள் இருக்க மாட்டேன் என்றாள்.

"அண்ணை, நான் நிண்டு வரப்போறன். ஐப்பசி முதல் கிழமை கொம்பனியில மருத்துவப் பரிசோதனை இருக்கு. தரையில நல்லா நடப்பன். ஓடவும் ஏலும். ஓடுற வாகனத்தில நிக்கத்தான் ஏலாமக் கிடக்கு. வீட்டுக்கு ஒரு வான் வண்டி பிடிச்சுப் போனாலும் கை நடுங்குது. நிண்டு பழகாட்டி என்ர வேலை போயிடும்."

கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வெளிக்கிட்டதும் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். விரல் கணுக்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

ஆனால் எங்கள் சனத்தைப் பற்றித்தான் தெரியுமே. கால் முறிந்து தேறிய பிள்ளை நிற்கிறாள், நடத்துநர் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு நிமிடம் பொறுக்கவில்லை. மூன்று பேர் எழும்பி இடம் கொடுத்தார்கள். நாலாவது ஆள் என்னை ஏசத் தொடங்கினார். மீன்பெட்டியோடு வந்த அக்கா ஒருவர், "தம்பி, உனக்கு அக்கா தங்கச்சி இல்லையோ?" என்று கேட்டார். அவள் எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்கிறபாடில்லை, கையைப் பிடித்து இழுத்து இருத்தியே விட்டார்கள்.

அடுத்த தடவை நான் ஒரு பொய்யைச் சொன்னேன். அந்தப் பிள்ளையை நின்றுகொண்டு வரச் சொல்லி டொக்டரின் கட்டளை என்று உரக்க அறிவித்தேன். எங்கள் ஆட்கள் கடவுளோடும் வாதாடுவார்கள், டொக்டர் சொன்னால் மறுபேச்சில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ் முழுவதும் அவளுக்கு மேற்பார்வையாளராக மாறிவிட்டது. ஒருவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து, "பத்து நிமிசம் நிண்டாச்சு, இனி இருக்கலாம்தானே?" என்பார். மீன்பெட்டி அக்கா அவளுடைய காலையே பார்த்துக்கொண்டு வருவார்.

என் பங்குக்கு நான் செய்தது என்னவென்றால், பள்ளம் வருவதற்கு முன்னர் குரல் கொடுப்பேன். பதினான்கு வருடப் பழக்கம் அது. "பள்ளம் வருது, பிடிச்சுக்கொள்ளுங்கோ", "பாலம் வருது, பாத்துக்கொள்ளுங்கோ" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போகும். அவளுக்காக இன்னும் இரண்டு பங்கு கூடச் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ. மேல ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

எனக்கு அது பெரிய சோதனை. பள்ளம் வருவது தெரிந்தும் பேசாமல் இருப்பது, தும்மலை அடக்குவது போல. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதல் பள்ளத்தில் அவள் தூணைக் கட்டிப்பிடித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லட்டுமா என்று கேட்க, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த கிழமை ஒரு கையால் பிடித்தாள். அதற்கடுத்த கிழமை முழங்காலை இலேசாக மடித்து, பஸ் குலுங்கும்போது உடம்பையும் அதோடு விட்டாள். சாரதி அண்ணை சீற்றுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினார். அவள் பள்ளத்தைச் சமாளித்தால் ஒரு சின்ன ஹோர்ன் அடிப்பார்.

அந்த நாட்களில் ஒரு தடவை அவள் என்னையும் பார்த்தாள். என்னைக் காலில் இருந்து தலை வரைக்கும் அளந்துவிட்டு, "நீங்கள் எதையும் பிடிக்கிறேல்லையே" என்றாள்.

"பதினாலு வருசம் தங்கச்சி. இந்த றோட்டு எனக்குத் தெரியாமல் ஒரு கல்லும் போடாது" என்றேன்.

"அண்டைக்கு எங்களோட நிண்ட சீனியர் அக்காவும் பதினாலு வருசம்தான். அவாவுக்கு அடிபட்டது முள்ளந்தண்டில" என்றாள்.

நான் சிரித்து மழுப்பிவிட்டு டிக்கெட் போடப் போய்விட்டேன். இவ்வளவு நாளும் கேள்வி மேல் கேள்வி கேட்டவன், அந்த அக்கா இப்போது எப்படி என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

பரிசோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது அது நடந்தது. வெள்ளிக்கிழமை, நல்ல வெயில், வீதி வெறுமையாக இருந்தது. புளியங்குளத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம். என் சின்ன ஆசனத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். நான் திறந்த கதவுக்குப் பக்கத்தில் வீதிக்கு முதுகு காட்டி நின்று, ஒருவருக்கு மிச்சம் கொடுப்பதற்காகத் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் வேலையில்.

பற்றைக்குள் இருந்து ஒரு கன்றுக்குட்டி வீதிக்குக் குறுக்கே பாய்ந்தது. சாரதி அண்ணை பிறேக்கை மிதித்தார். அவர் மேல் பிழையில்லை, வேறு யாராலும் வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

அவள் சொன்னது அப்படியே நடந்தது. நான் விழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. காலுக்குக் கீழே பஸ் இல்லை, அவ்வளவுதான். ஒரு கால் மிதிபலகையைத் தாண்டி வெளியே போய்விட்டது. உடம்பு சுழன்றது, கண்ணுக்கு முன்னால் தார் வீதி ஓடியது. தாள்கள் காற்றில் பறந்ததைக் கண்டேன். கையை நீட்ட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அப்போது தோளில் ஒரு இழுவை. என்னுடைய தோல் பையின் வாரை யாரோ பின்னால் இருந்து பிடித்திருந்தார்கள். அந்த வாரில் தொங்கியபடி நான் அரை உடம்பு வெளியே, அரை உடம்பு உள்ளே என்று நின்றேன். பஸ் நின்றது. கன்று மறுபக்கம் போய் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் தூணையும் மறு கையால் என் வாரையும் பிடித்தபடி அவள் நின்றாள். முறிந்து தேறிய அந்த வலது காலைத்தான் முன்னுக்குக் குத்தி, தன்னுடைய பாரத்தையும் என்னுடைய பாரத்தையும் அதில் தாங்கியிருந்தாள்.

நான் மிதிபலகையில் அப்படியே குந்திவிட்டேன். மீன்பெட்டி அக்கா ஓடிவந்து என்னை ஏசுவதா, அவளைத் தடவுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரேயடியாகச் செய்தார். அவள் மெதுவாகப் பக்கத்து ஆசனம் ஒன்றில் அமர்ந்து கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"தங்கச்சி, நோகுதோ?"

"கொஞ்சம் நோகுது அண்ணை. தெரியேல்லை" என்றாள்.

வவுனியாவில் இறங்கும்போது அவள் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. பின்னேர ஓட்டத்தில் அவளை எதிர்பார்த்தேன், வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. இரண்டு மாதம் பாடுபட்டுத் தேற்றிய காலை என் திமிரால் ஒரு நொடியில் கெடுத்துவிட்டேன் என்று நினைக்க நினைக்க எனக்கு நித்திரை போனது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு என்ன கேடு வந்தது? வீட்டுக்குப் போய் விசாரிக்கத் துணிவு வரவில்லை. நெடுங்கேணி வரும்போதெல்லாம் அவள் ஏறுகிற மரத்தடியைப் பார்ப்பேன், பிறகு தலையைக் குனிந்துகொள்வேன்.

இரண்டு கிழமை கழித்து, முதல் மழை தூறிய ஒரு காலையில் தாய் மட்டும் ஏறினார். வங்கி அலுவலாக வவுனியாவுக்குப் போகிறாராம். அவருக்கு முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என்ன சொல்வார் என்று பயந்து, டிக்கெட் போடுவதைப் போலக் குனிந்து நின்றேன்.

"தம்பி, அவள் போயிட்டாள்" என்றார்.

"எங்கை அம்மா?"

"வேலைக்குத்தான். கால் வீங்கினது, ஆனால் எலும்புக்கு ஒண்டும் இல்லையாம். மூண்டு நாள் பேசாமல் வீட்டில இருக்கச் சொன்னவை. பரிசோதனையில சித்தியாம். போன கிழமை கட்டுநாயக்காவில பிளேன் ஏத்திவிட்டனாங்கள்."

எனக்கு மூச்சு வந்தது. இனி விடமாட்டேன் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். என் வாய்க்கு அந்த நேரத்திலும் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

தாய் யன்னலைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இருந்தது.

"விடுறதில்லை எண்டுதான் இருந்தனான். அண்டைக்கு நொண்டிக்கொண்டு வீட்டை வந்தவள். நான் குளறி எழும்ப, அவள் சிரிக்கிறாள். 'அம்மா, பஸ் பிறேக் அடிச்சது, நான் விழேல்லை' எண்டு ஒரு நூறு தரம் சொல்லியிருப்பாள். அண்டைக்கு இரா நல்லா நித்திரை கொண்டவள். பிறகு நான் எப்பிடி மறிக்கிறது?"

கொஞ்ச நேரம் கழித்து, இறங்குவதற்கு எழும்பியபோது, "உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவள். பிடிச்சுக்கொண்டு நிக்கட்டாம்" என்றார்.

அன்று தொடக்கம் நான் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். டிக்கெட் போட முன்பை விடக் கூட நேரம் எடுக்கிறது. சாரதி அண்ணை இப்போதும் சில நேரம் பகிடி பண்ணுவார், ஆனால் கதவை மூடாமல் பஸ்ஸை எடுப்பதில்லை. மதகு, பள்ளம் எல்லாவற்றுக்கும் முன்போலக் குரல் கொடுக்கிறேன். இப்போது அதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

வவுனியா நிலையத்தில் பஸ் நிற்கும் நேரத்தில், வானம் வெளித்துக் கிடந்தால், மிக உயரத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஒரு விமானம் போவது சில நாட்களில் தெரியும். முன்பென்றால் அதில் இருக்கிற பயணிகளை நினைத்து, கொடுத்து வைத்தவர்கள் என்று பார்ப்பேன். இப்போது அந்த வானத்தில் எங்கேயோ ஒரு கையில் கேத்தலோடு நிற்கும் ஒருத்தியைத்தான் நினைக்கிறேன். மற்றவர்கள் நிம்மதியாக இருந்து போவதற்காக நிற்கிறவர்களுக்கும் பிடிப்பதற்கு ஒரு தூண் வேண்டும் என்று, பதினான்கு வருடம் நின்ற எனக்கு அவள்தான் காட்டித் தந்தாள்.